தனியே ஒரு பகல்

தேசாடனம் அறிவை வளர்க்கும் என்பது நம் பெரியோர் கண்ட உண்மை. அதனை மறுப்பார் இக்காலத்தும் இலர். ஆண்டுதோறும் நம் கலாசாலை மாணவர் கூட்டங்கூட்டமாய்ப் புறப்பட்டுப் பற்பல ஊர்களைக் கண்டு மீள்கின்றனர். ஆயினும், மீண்டு வந்தோரை நோக்கி, 'நீவிர் கண்டது யாது?' என்று வினவின், தெளிவாக விடை கூறுவோர் மிகச் சிலரே. இக்குறை எங்ஙனம் நேர்கின்றது, இதனால் விளையும் கேடு யாது, இதற்குப் பரிகாரம் உண்டோ என்பனவற்றைப் பற்றி எனக்குத் தோன்றியவற்றை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். பிறரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குற்றவாளிகளுள் முதல்வன் யானே.

யான் மாணவனாயிருந்த காலத்தில் இருமுறை தஞ்சைக்குச் சென்றதுண்டு. இருமுறையும் பெருங்கூட்டத்தோடு சென்றேன். பெரிய கோயிலில் எங்களுக்குக் கிடைத்த நேரம் முக்கால் மணி; அரண்மனையில் அரை மணி. எஞ்சிய பொழுதெல்லாம் உணவு விடுதியிலும், பிந்தி வந்தோரைத் தேடுவதிலும் கழிந்தது. வீடு திரும்பியதும் என் பாட்டனார், "தம்பி, தஞ்சாவூரில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டார். "பெரிய கோயில் மிகவும் பெரிதாயிருக்கிறது, தாத்தா" என்றேன். அவர் வாய்விட்டு நகைத்தார். "அதைத்தான் பெயரிலேயே வைத்திருக்கிறார்களே, அப்பா!" என்றார். அந்நகை நெடுநாள் என் செவியை விட்டு நீங்கவில்லை.

சென்ற மாசித் திங்களில் தேர்வுப் பணியொன்றின் பொருட்டு மீண்டும் தஞ்சைக்குச் செல்ல நேர்ந்தது. பணி ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. ஊர் திரும்புவதற்குரிய புகைவண்டியோ மறுநாள் இரவிலேதான். உடன் வந்த நண்பர் தம் உறவினரைக் காணச் சென்றுவிட்டமையால், ஒரு பகல் முழுதும் எனக்கே உரியதாயிற்று. வழிகாட்டுவார் இல்லை, விரைவுபடுத்துவார் இல்லை, 'இங்கே நில், படம் எடுக்கிறேன்' என்பாரும் இல்லை. முதலில் சிறிது அச்சமாகவே இருந்தது. கற்றார் ஒருவரும் உடனில்லாமல், சிற்பமும் சாசனமும் அறியாத யான் தனியே சென்று என்ன காணப்போகிறேன் என்று ஐயுற்றேன். அவ்வையம் பிழையென்பதை அன்றைப் பொழுதே எனக்குக் கற்பித்தது.

கதிரவன் எழுந்து சிறிது நேரத்திற்குள் கேரளாந்தகன் திருவாயிலையும் இராசராசன் திருவாயிலையும் கடந்து கோயில் முற்றத்தை அடைந்தேன். விமானத்தை வலம் வந்து மேற்குப் பக்கத்தை அடைந்தபோது திடுக்கிட்டு நின்றேன். அங்கே தரையின்மேல் விமானத்தின் நிழல் கரியதாய் நெடிதாய் விழுந்து கிடந்தது! இக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதை இளமைதொட்டு எத்தனை பேர் வாய்க் கேட்டிருக்கிறேன்! யானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஏறத்தாழ 216 அடி உயரமுள்ள கற்குன்றின் நிழல் விழாமல் எங்கே போகும்? அடியில் அகன்று மேலே செல்லச் செல்லக் குறுகும் அமைப்புடையதாதலின், ஆண்டின் பல மாதங்களில் உச்சிப்பொழுதில் நிழல் பெரும்பாலும் தன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடுகிறது. இதனை ஒருவர் ஒரு நாள் கண்டு கூறியிருத்தல் கூடும். ஏனையோர் காணாமலே கூறிவந்தனர். இருமுறை அம்முற்றத்தில் நின்ற யானும் குனிந்து தரையைப் பார்த்தேனில்லை.

நாணம் அடைந்தவனாய் விமானத்தின் அடிப்பாகத்தை அணுகி, அங்கே பொறிக்கப்பட்டுள்ள சாசனங்களை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். பத்துச் சொற்களுள் இரண்டு மூன்றே விளங்கின. ஆயினும் அவ்விரண்டு மூன்றும் இனித்தன. இக்கோயிலை 1010 ஆம் ஆண்டில் முற்றுவித்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கையார் கொடுத்தவற்றையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் ஒருங்கே கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். கோயிற் பணிக்கு வந்த ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரும், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தனர் என்பதும், எத்தெருவில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தனர் என்பதும் அங்கே உள்ளன. குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோர்க்குரிய பங்கும் குறிக்கப்பட்டுள்ளது. கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளைப் பற்றிய குறிப்புக்களோ இன்னும் வியப்பானவை. ஒவ்வொன்றும் எத்தனை விரல் உயரம், அதற்குக் கரங்கள் எத்தனை, பூட்டிய அணிகளின் எடை எவ்வளவு என்று அளந்து எழுதியிருக்கின்றனர். அத்திருமேனிகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. ஆயினும் இழந்தவை இன்னவை என்றேனும் நாம் அறிகின்றோமாயின், அன்று ஒருவர் அவற்றை உற்றுநோக்கிக் குறித்துவைத்தமையே காரணம்.

எழுதிவைத்தது போதாது, படிப்பாரும் வேண்டும். தன் பெயரைச் சுவரெங்கும் பொறித்துவைத்த மன்னனைத் தமிழ்நாடு பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது. கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தலபுராணம் கூறிற்று. கேட்டோர் அதனை நம்பினர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இச்சாசனங்களைப் படித்து வெளிப்படுத்திய பின்னரே உண்மை நிலைபெற்றது. அங்ஙனமே, கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் காலத்துச் சித்திரங்கள் மறைந்திருப்பதை 1931 ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி என்பார். ஆயிரக்கணக்கானோர் வழிபட்டுச் சென்ற இடத்தில் இவ்விருவரும் நின்று பார்த்தனர். அவ்வளவே வேற்றுமை.

கோயிலை விட்டு வெளிவந்து அடுத்துள்ள சிவகங்கைத் தோட்டத்தினுள் நுழைந்தேன். அங்கே 1779 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சிறு கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றுண்டு. காவலர் அன்போடு கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெண்சலவைக் கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் ஒன்று சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. மரணப் படுக்கையிற் கிடக்கும் முதியவர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் கையைப் பற்றியவண்ணம் அருகில் நிற்பவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. 1798 ஆம் ஆண்டில் தம் ஆசிரியரும் காவலருமாயிருந்தவர் மறைந்தபின், அம்மன்னரே இச்சிற்பத்தை இங்கிலாந்து தேசத்துச் சிற்பியாகிய பிளாக்ஸ்மன் என்பவரைக் கொண்டு செய்வித்தார். இந்தியாவை ஒருநாளும் கண்டறியாத சிற்பி, தம் நாட்டிலிருந்தே தஞ்சை மன்னரின் துயரத்தைக் கல்லில் வடித்திருக்கிறார். மன்னர் தம் முன்னோர் சமயத்திலேயே நின்றவர். தம் குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் 1803 ஆம் ஆண்டில் பெரிய கோயிற் சுவரில் பொறிப்பித்தவரும் அவரே. அச்சாசனத்தைக் கண்டு அரை நாழிகை கழியாமுன் இச்சிற்பத்தின் எதிரில் நின்றமையால், ஒரு மனிதரின் இருமுகங்களை ஒருங்கே கண்டாற்போலத் தோன்றிற்று. கூட்டத்தோடு வந்தபோது இத்தேவாலயம் எங்கள் அட்டவணையிலேயே இடம்பெறவில்லை.

அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் நடந்து அரண்மனையை அடைந்தேன். சரஸ்வதி மகால் நூல்நிலையத்தைச் சார்ந்த காட்சிக்கூடத்தில் மீண்டும் சரபோஜி மன்னர் எதிர்ப்பட்டார். நாயக்க மன்னர் காலத்தில் தோன்றிய ஏட்டுத்தொகுதியைப் பெருக்கி, வடமொழி, தமிழ், மராத்தி ஏடுகளோடு ஐரோப்பிய மொழி நூல்களையும் வருவித்து, பலவற்றில் தம் கையொப்பமும் இட்டிருக்கிறார். காலையில் சுவரிலும், முற்பகலில் சலவைக்கல்லிலும் கண்டவரை நடுப்பகலில் மையெழுத்தில் கண்டபோது, பழைய நண்பர் ஒருவரைச் சந்தித்தாற்போல உள்ளம் மகிழ்ந்தது. வழிகாட்டி ஒருவர் இம்மூன்றையும் இணைத்துக் கூறியிருப்பின் அதனைக் கேட்டு மறந்திருப்பேன். நானே நடந்து இணைத்துக்கொண்டமையால் மறக்க இயலவில்லை.

அடுத்தது கலைக்கூடம். 1951 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இக்கூடத்தில், கேட்பாரற்றுக் கிடந்தனவும் நிலத்தினின்று அகழ்ந்தெடுத்தனவுமாகிய சிலைகளும் செப்புத் திருமேனிகளும் பெருந்தொகையாக உள்ளன. திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவரின் திருமேனி அவற்றுள் புகழ்வாய்ந்தது. 1011 ஆம் ஆண்டைச் சார்ந்தது. மறுவாண்டில் செய்தமைத்த தேவியும் அருகில் இருக்கிறாள். ஒரு காலை மற்றொரு காலின் குறுக்கே வைத்து, சடையைப் பாகைபோலச் சுற்றி, ஒரு கையைச் சற்றே உயர்த்தி மடக்கி, இளமையும் எளிமையும் தோன்ற நிற்கிறார் தேவர். யான் அதன் அழகை வியந்து நின்றபோது, ஒரு மூதாட்டியார் பேரனைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். வாயிலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். திருமேனியைக் கண்டதும் கைகூப்பினார். சிறுவனோ சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பாயி, சாமி எதன்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறார்?" என்று கேட்டான்.

"மாட்டின்மேல், அப்பனே."

"மாடு எங்கே?"

மூதாட்டியார் அங்குமிங்கும் நோக்கினார். "அது எங்கேயோ போய்விட்டது. சாமி மட்டும் நிற்கிறார்" என்றார்.

அப்பொழுதுதான் எனக்கும் விளங்கியது. அவ்வுயர்ந்த கையின்கீழ் இருக்கவேண்டிய காளை இல்லை. தேவர் வெற்றிடத்தின்மேல் கையூன்றி நிற்கிறார். இருமுறை இதே இடத்தில் நின்றவன் யான். அழகு அழகு என்று வியந்தவன் யான். ஒன்று குறைகின்றது என்பதை உணர்த்துவதற்கு எட்டு வயதுச் சிறுவன் வேண்டியிருந்தது. அவன் தன் பாட்டியாரோடு வந்தவனேயாயினும், தன் கண்ணால் தனியே பார்த்தான். தனிமை என்று யான் கூறுவது இதுவே. துணையின்றி இருத்தல் அதற்கு உதவும். ஆயினும் பிறர் கண்ணை இரவல் வாங்காதிருத்தலே அதன் உயிர்.

இதனால் உலகிற்கு வரும் நன்மை என்ன என்று சிலர் வினவலாம். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் என்னும் சிற்றூரின் செய்தியே அதற்கு விடை. அவ்வூர்ப் பழங்கோயில் பூட்டிக் கிடந்தது. 2006 ஆம் ஆண்டளவில் கள்வர் அதனுட் புகுந்து செப்புத் திருமேனிகளைக் கொண்டு சென்றனர். பாதுகாப்பான இடத்திற்கு அவற்றை மாற்றும்பொருட்டு 2008 ஆம் ஆண்டில் அதிகாரிகள் வந்து பார்த்தபோதே களவு வெளிப்பட்டது. அதற்குள் அக்கோயில் நடராசர் கடல் கடந்து சென்று, அவ்வாண்டிலேயே ஆஸ்திரேலியா தேசத்துக் கலைக்கூடம் ஒன்றினால் ஏறத்தாழ ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டார். பார்ப்பார் இல்லாத பொருளுக்குக் காப்பாரும் இல்லை என்பது இதனால் விளங்கும். எனினும் கதை இதனோடு முடியவில்லை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே அக்கோயிலுக்குச் சென்று, திருமேனிகளைப் படமெடுத்து, ஊர்ப் பெயரோடு குறித்துவைத்திருந்தனர். அப்படமும் ஆஸ்திரேலியாவிலிருந்த திருமேனியும் ஒன்றே என்பது புலனாயிற்று. 2014 ஆம் ஆண்டில் நடராசர் தாய்நாடு திரும்பினார். பூட்டும் கதவும் காவாத திருமேனியை, முன்னொருநாள் ஒருவர் கவனத்தோடு பார்த்த பார்வை மீட்டுத் தந்தது.

இங்கே ஒரு தடை எழும். 'நாங்களும் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கிறோமே, அவை பயன்படாவோ?' என்பர். பயன்படலாம். ஆனால் அப்படங்களில் நடுவே நிற்பவர் நாம். நமக்குப் பின்னால் மங்கலாய்த் தெரிவதே சிலை. அது எந்த ஊரது, எக்காலத்தது, எவ்வுறுப்புச் சிதைந்தது என்று நாம் குறிப்பதில்லை. படம் எடுத்தவுடன் பார்த்தாயிற்று என்று எண்ணி அகல்கின்றோம். பொருளை அறிந்து எடுத்த படம் சான்று. அறியாது எடுத்தது வெறும் நினைவுக் குறி.

வேறு சிலர், தனியே செல்லுதல் எல்லோர்க்கும் இயலுமோ என்பர். இத்தடை நியாயமானது. மாணவியர் தனியே அயலூர் செல்வதற்குப் பெற்றோர் அஞ்சுவதும், ஏழை மாணவர்க்குக் கூட்டமாய்ச் சென்றாலன்றிப் பிரயாணச் செலவு கட்டாது என்பதும் உண்மையே. தோழரோடு பாடிச் சிரித்துச் செல்லும் பிரயாணத்தின் இன்பத்தையும் யான் பழிக்கவில்லை. அவ்வின்பம் இளமைக்கு உரியது. ஆகவே சுற்றுலாவை ஒழிக்கவேண்டும் என்று யான் கூறேன். அதனுள்ளே தனிமைக்கு இடம் வைக்கவேண்டும் என்றே வேண்டுகிறேன்.

நம் கலாசாலையார் இதனை எளிதிற் செய்யலாம். ஒரு நாளில் ஆறு இடங்களைக் காட்டுவதற்குப் பதிலாக இரண்டைக் காட்டுக. அவற்றுள் ஒன்று காட்சிச்சாலையும் மற்றொன்று வழிபாட்டுத் தலமுமாயிருத்தல் நன்று. காட்சிச்சாலையில் திருமேனியின் வடிவத்தை ஒளியில் அணுகிக் காணலாம். அது எதன்பொருட்டுச் செய்யப்பட்டது என்பதை விளக்கொளியும் மலரும் மக்கள் வேண்டுதலும் நிறைந்த கோயிலிலேதான் உணரலாம். ஒன்றை மட்டும் கண்டவன் பாதியே கண்டவன். இரண்டு மணி நேரம் மாணவரை அவ்வளாகத்திற்குள்ளேயே தனித்தனியே விட்டுவிடுக. ஒவ்வொருவரும் ஒரே பொருளைத் தெரிந்தெடுத்து அரை மணி நேரம் அதனெதிரில் இருந்து, கண்டதை ஒரு பக்கம் எழுதுக. நூலிற் படித்ததையும் பிறர் சொன்னதையும் எழுதலாகாது. அவற்றுள் சிறந்த சிலவற்றை இம்மலரில் வெளியிடலாம். இதற்குப் பொருட்செலவு ஒன்றுமில்லை. மாணவர் தம் சொந்த ஊர்க் கோயிலையோ மசூதியையோ தேவாலயத்தையோ இங்ஙனம் விடுமுறையில் பார்த்து எழுதின், நாளடைவில் நம் கலாசாலையில் நூற்றுக்கணக்கான ஊர்களின் குறிப்புக்கள் சேரும். அவற்றுள் ஒன்று எந்நாளேனும் ஓர் ஊரின் இழந்த பொருளை மீட்டுத் தாராதென்று யார் கூறவல்லார்?

மாலையில் மீண்டும் பெரிய கோயிலுக்குச் சென்று புல்தரையில் அமர்ந்தேன். மேற்றிசையிற் சாய்ந்த கதிரவன் இப்பொழுது விமானத்தின் நிழலை நந்தி மண்டபத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஓர் ஊர்க் கலாசாலை மாணவர் ஐம்பதின்மர் விரைவாக வந்தனர். வெயிலுக்கு ஒதுங்கி அந்நிழலிலேயே நின்றனர். அவர்களை அழைத்து வந்தவர் கையை உயர்த்தி, "இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது, இதுவே இதன் அற்புதம்" என்றார். அனைவரும் மேல்நோக்கி வியந்து, படம் எடுத்துக்கொண்டு, வந்த விரைவிலேயே திரும்பினர். எனக்கு நகைப்பு வந்தது. உடனே என் பாட்டனார் நகைப்பும் நினைவுக்கு வந்தமையால் அடங்கினேன்.

ஆனால் ஒரு மாணவன் மட்டும் பின்தங்கினான். அவன் தன் காலடியைப் பார்த்தான்; நிழலின் விளிம்பு வரையில் நடந்து சென்று வெயிலில் நின்றான்; மீண்டும் நிழலுக்குள் வந்தான்; பின்னர் விமானத்தை அண்ணாந்து நோக்கினான். தோழர்கள் வாயிலிலிருந்து அவன் பெயரைச் சொல்லிக் கூவினர். அவன், "நீங்கள் போங்கள், வருகிறேன்" என்றான்.

அவன் எந்தக் கலாசாலையைச் சார்ந்தவனோ அறியேன். நம் கலாசாலையிலிருந்து அத்தகையோர் பலர் தோன்றுவாராக.